நெட்டையின் இடத்தில் இருந்தவன்

வாடிக்கையாளர் ஒருவரின் கன்னத்தில் சலூன்காரர் நுரை பூசிக்கொண்டிருந்தபோது ராணுவ ஆய்வுக்கூடத்திலிருந்து போன் வந்தது. மலையில் சாலை போடத் தோண்டிய இடத்தில் எலும்புகள் கிடைத்திருக்கின்றன, போரில் இறந்த அவருடைய அண்ணனாக இருக்கலாம் என்றார்கள்.

"எங்கண்ணனைப் போர் முடிஞ்சதுமே அடக்கம் பண்ணியாச்சுங்க. யாருக்கோ போட வேண்டிய போனை எனக்குப் போட்டுட்டீங்க."

"இல்லீங்க, ஒருதடவை நேர்ல வந்துட்டுப் போங்க."

போனார். டாக்டரம்மா பஞ்சுக்குச்சியால் அவர் கன்னத்தின் உட்புறத்தைத் தடவி எடுத்துக்கொண்டு அனுப்பிவிட்டார். முடிவு வந்ததும் மறுபடி கூப்பிட்டார். மேசைமேல் வெள்ளைத் துணியில் எலும்புகளை வரிசையாக வைத்திருந்தார்கள். தொடை எலும்பின் நீளத்தைப் பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. அண்ணனை வீட்டில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, நெட்டைதான்.

"சின்ன வயசுல தோள்பட்டை உடைஞ்சு கோணலாக் கூடியிருக்கு. ஞாபகம் இருக்கா?"

"தண்ணித் தொட்டி மேலிருந்து குதிச்சான் டாக்டர். பறக்கறேன் பாருடான்னான்." சொல்லும்போது சிரிப்புதான் வந்தது. அப்புறம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "அப்போ எங்க கல்லறையில இருக்கிறது யாரு?"

"போர்க் குழப்பத்துல கழுத்துல போடற அடையாளத் தகடு மாறியிருக்கணும். மூடின பெட்டியைத்தானே கொடுத்தாங்க? அதைத் தோண்டி இங்க கொண்டு வந்துடுவோம்." டாக்டரம்மா கைகாட்டிய அறையில் கூரைவரை அலமாரி, அதில் ஆள் யாரென்று தெரியாத எலும்புப் பெட்டிகள். ஒவ்வொரு பெட்டியிலும் ஓர் எண்.

அக்காவிடம் சொல்வதற்குத்தான் அவருக்கு நாக்கு எழவில்லை. அக்கா இருவருக்கும் மூத்தவள். வாரம் தவறாமல் கல்லறைக்குப் போய், களை பிடுங்கி, வீட்டுக் கதையெல்லாம் பேசிவிட்டு வருவாள். துணி தேய்த்துக்கொண்டிருந்தவள் எல்லாவற்றையும் கேட்டு முடித்து, இஸ்திரிப்பெட்டியை அணைத்தாள்.

"அப்ப இத்தனை வருஷமா யார்கிட்டடா பேசிட்டிருந்தேன்? மருமகனோட போட்ட சண்டையெல்லாம் ஒண்ணு விடாம ஒப்பிச்சிருக்கேனே!"

"எனக்கென்ன தெரியும்க்கா?"

"யாரு பெத்த பிள்ளையோ, பொறுமைசாலி. ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசல." தேய்த்த துணியை மடித்து வைத்துவிட்டுக் கேட்டாள்: "அவனை என்ன பண்ணுவாங்களாம்?"

அலமாரியைப் பற்றிச் சொன்னார். அக்காவுக்கு மூக்கு விடைத்தது. "நம்ம வீட்டு ஆளா இருந்தவனுக்கு நம்பர் ஒட்டறதாவது! அவன் ஆளுங்க வர்ற வரைக்கும் இங்கயே இருக்கட்டும்."

மறுநாளே அவரையும் இழுத்துக்கொண்டு ஆய்வுக்கூடத்துக்குப் போய் உட்கார்ந்துவிட்டாள். அதிகாரி சட்டம் பேசினார். அக்கா நியாயம் பேசினாள். கடைசியில் டாக்டரம்மா நடுவில் புகுந்து, சோதனைக்கு ஒரு துண்டு எலும்பு போதும், மற்றது கல்லறையிலேயே இருக்கலாம் என்று முடித்துவைத்தார்.

நெட்டை ஒரு காலை ராணுவ வண்டியில் வந்து சேர்ந்தான். அக்கா பெட்டிமேல் கை வைத்து, "அவ்வளவு வளர்ந்துட்டு இத்தனூண்டு பெட்டியிலயாடா வந்தே?" என்றாள். பக்கத்துக் குழியில் அவனை வைத்தார்கள். பெயர் வெட்டிய கல்லைப் பெயர்த்து அவன் தலைமாட்டில் நட்டார்கள்.

மழைக்காலம் முடிந்து மகள் வந்தாள். அக்காவின் மகளல்ல, அந்த மற்றவனுடைய மகள். அப்பா போருக்குப் போனபோது அம்மா வயிற்றில் இருந்தவள், இப்போது நர்ஸ். ராணுவத்தாரிடம் அவள் கொடுத்து வைத்திருந்த ரத்தம் அந்தத் துண்டு எலும்போடு ஒத்துப்போனதாம். கல்லில்லாத கல்லறையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். ஒரு களைகூட இல்லை.

"அப்பாவைக் கூட்டிட்டுப் போகலாமா அம்மா?" என்று தயங்கிக் கேட்டாள்.

"உங்கப்பாவைக் கூட்டிட்டுப் போக என்னையா கேக்கணும்?" என்றாள் அக்கா. நெட்டையை வைத்தபோது கல்லாக நின்றவள், இப்போது விசும்பி விசும்பி அழுதாள். அழுகையை அடக்கப் பார்த்து விக்கல்தான் வந்தது. நர்ஸ் அவளுக்குத் தண்ணீர் கொடுத்து முதுகைத் தடவிவிட்டாள்.

தோண்டி எடுத்த எலும்புகள் இருந்த பெட்டியை ரயிலடிவரை சலூன்காரர்தான் தூக்கி வந்தார். சாமான் வைக்கும் பலகையை அவர் காட்ட, நர்ஸ் தலையாட்டி மறுத்துவிட்டு மடியில் வாங்கிக்கொண்டாள். ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி அக்கா, "போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணும்மா," என்றாள்.

"ரெண்டு பேரும் பத்திரமா வந்துட்டோம்னு சொல்றேம்மா."

ரயில் கிளம்பியது. கடைசிப் பெட்டியும் வளைவில் மறைந்த பிறகு, தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டு அக்கா படியிறங்கினாள்.