ஈரத்துண்டும் ஏழு மணி ஜெபமும்

"இரக்கமும் உருக்கமும் நிறைந்த பிதாவே, இந்தச் சாயங்கால வேளைக்காக உமக்கு ஸ்தோத்திரம். ஈரத்துண்டைக் கட்டில்மேல் போடுகிறவர்களையும் நீர் நேசிக்கிறீர் என்பதை நினைத்து வியக்கிறோம். நாளைக்காவது அதைக் கொடியில் போடத்தக்கதாக அவர்கள் கையை நீரே பிடித்து நடத்தும். ஆமென்."

இது என் தம்பி மனைவி.

"சர்வ வல்லமையுள்ள தேவனே, ஸ்தோத்திரம். கொடியில் ஒரு சாண் இடம்கூட விடாமல் தன் துணியையே காயப்போடுகிறவர்களையும் நீர் சகித்துவருகிறீரே, அந்தப் பொறுமையில் ஒரு துளியை அடியேனுக்கும் தாரும். ஆமென்."

இது என் தம்பி.

நடுவில் உட்கார்ந்து, இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக "ஆமென்" சொன்னது நான்.

எங்கள் வீட்டில் சாயங்காலம் ஏழு மணிக்கு ஜெபம். அப்பா காலத்திலிருந்து ஒரே சட்டம்: ஒருவர் ஜெபிக்கும்போது மற்றவர் வாயையும் திறக்கக் கூடாது, கண்ணையும் திறக்கக் கூடாது. குடும்பம் என்று இருந்தால், ஒரு வாக்கியத்தை ஆரம்பித்து முழுசாக முடிக்க வாய்ப்புக் கிடைப்பது அந்த ஒரு நேரத்தில்தான். அந்த வசதியை இவர்கள் இரண்டு பேரும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். ஏனென்றால் மற்ற நேரத்தில் இருவருக்கும் பேச்சு கிடையாது.

தம்பி தையல்காரன். வீட்டு முன்னறைதான் கடை. போன மாதம் ஒரு கறுப்புக் கோட்டைக் கருநீல நூலால் தைத்துவிட்டு, "இந்த பல்பே சரியில்லை" என்றான். பல்பை மாற்றினோம். "இந்தக் கம்பெனி பல்பே இப்படித்தான்" என்றான். அதையும் மாற்றினோம். மூன்றாவது பல்புக்கு, கடைக்குள் நுழைகிறவர்கள் கண் கூசிக் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். அப்புறம்தான் அவள் அவனைக் கண் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

இரண்டு கண்ணிலும் புரை. முதலில் வலது கண்ணில் ஆபரேஷன், இரண்டு வாரம் கழித்து வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணி என்று நாளும் குறித்துக் கொடுத்தார் டாக்டர். தம்பி "பாக்கலாம்" என்றான். அவன் "பாக்கலாம்" என்று சொன்ன எதையும் இதுவரை யாரும் பார்த்ததில்லை.

அவள் அதை நம்பிக் காத்திருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் ஜெப விண்ணப்பச் சீட்டு போடும் பெட்டி இருக்கிறதே, அதில் ஒரு சீட்டு எழுதிப் போட்டுவிட்டாள். 'தையல்காரர் கண் நலம் பெற' என்று நாலே வார்த்தை. போதகருக்கு நல்ல குரல். நாலு வார்த்தையை அந்தக் குரல் சும்மா விடுமா? "பார்வை மங்கி, இருளில் தட்டித் தடவித் திரியும் நம் அன்புத் தையல்காரச் சகோதரருக்காக..." என்று அவர் வாசித்தபோது முந்நூறு தலை எங்கள் பெஞ்சுப் பக்கம் திரும்பியது. தம்பி பாட்டுப் புத்தகத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

திங்கட்கிழமை காலையிலேயே, தைக்கத் துணி கொடுத்திருந்தவர்கள் கடைக்கு வந்துவிட்டார்கள்.

"உங்களுக்காக ரொம்ப ஜெபிக்கிறோம், சார். அந்தச் சட்டைத்துணியை இன்னும் வெட்டலையே?"

"வெட்டலை."

"ஸ்தோத்திரம்! அதைக் கொடுத்துடுங்க."

மத்தியானத்துக்குள் ஐந்து துணி வெளியே போய்விட்டது. ஆறாவதாகப் போதகரிடமிருந்தே ஆள் வந்தது. புது அங்கிக்குக் கொடுத்த வெள்ளைத் துணியை வாங்கிவரச் சொன்னாராம். அவசரமில்லை, கண் சரியானப்புறம் பார்த்துக்கொள்ளலாமாம்.

"யாரைக் கேட்டு எழுதிக் கொடுத்தே?" என்றான் தம்பி அவளிடம்.

"ஆண்டவர்கிட்ட சொல்றதுக்கு யாரைங்க கேக்கணும்?"

"ஆண்டவர்கிட்டதானே சொல்லணும்? முந்நூறு பேர்கிட்ட எதுக்கு?"

"அவங்களும் அவர்கிட்டதானே சொல்லப்போறாங்க!"

"சொன்னாங்க. சொல்லிட்டு நேரா நம்ம கடைக்கு வந்துட்டாங்க."

அதோடு பேச்சு நின்றது. அன்று சாயங்காலம் ஏழு மணிக்கு இந்த ஜெபம் தொடங்கியது.

நான் முப்பத்துநாலு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவள். லைன் கொடுப்பதுதான் என் வேலை, நடுவில் புகுவதல்ல. காதில் விழுவது வேறு விஷயம். இதிலும் எனக்கு ஒரு சுகம் இருந்தது என்பதை ஏன் மறைக்க வேண்டும்? உப்பு, துண்டு, குறட்டை, அவள் அக்கா வீட்டுக்காரர், அவன் வாங்கிவந்த ஓட்டைக் குடை என்று ஒவ்வொன்றாகப் பரலோகம் போய் எதிர் நாற்காலிக்கு வந்து சேர்ந்தன. ஆறே முக்காலுக்கே நான் நாற்காலியைப் போட்டுவிடுவேன்.

ஆனால் ஒரு காரியத்தை மட்டும் இரண்டு பேரும் தொடவில்லை. வெள்ளிக்கிழமை.

வியாழக்கிழமையும் வந்தது. பதினோராவது நாள். போவானா மாட்டானா, தெரியாது. அவள் பைக்குள் மாற்றுத்துணி, டாக்டர் சீட்டு எல்லாம் எடுத்துவைத்துவிட்டுப் பையைக் கதவோரம் வைத்தாள். அவன் அதைத் தாண்டித் தாண்டிப் போனானே தவிர, 'இது என்ன பை' என்று கேட்கவில்லை.

ஏழு மணிக்கு வாசலில் போதகர் நின்றார், கையில் ஒரு காகிதப் பையோடு.

"நாளைக்கு ஆபரேஷனாமே. கூட இருந்து ஜெபிச்சுட்டுப் போலாம்னு வந்தேன்."

"வாங்கய்யா" என்று நாலாவது நாற்காலியைப் போட்டேன். அன்றைக்காவது ஆளைப் பார்த்து அடக்கமாக இருப்பார்கள் என்று நினைத்தேன். பத்து நாள் பழக்கம் அப்படி லேசில் போகுமா?

"பிதாவே," என்று அவள் தொடங்கினாள், "நாளைக் காலை ஒன்பது மணியை நீர் அறிவீர். போவதா வேண்டாமா என்று வாயைத் திறந்து சொல்லாத கல்நெஞ்சத்தையும் நீர் அறிவீர். அறிந்தால் எங்களுக்கும் கொஞ்சம் சொல்லும். ஆமென்."

தம்பி தொண்டையைச் செருமினான்.

"தேவனே, உமது பிள்ளையின் பலவீனத்தை ஊரெல்லாம் தண்டோராப் போட்டவர்களை மன்னியும். அதை ராகம் போட்டு வாசித்தவர்களையும் மன்னியும். விசுவாசத்தோடு ஜெபித்துவிட்டு, விசுவாசம் போதாமல் அங்கித்துணியைத் திரும்ப வாங்கிக்கொண்டவர்களையும்..."

போதகருக்கு இருமல் வந்தது.

"...அவர்கள் இருமலையும் குணமாக்கும்."

சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. நான் கண்ணைத் திறந்துவிட்டேன். அறுபத்தேழு வயதில் முதல்தடவையாக அப்பாவின் சட்டத்தை மீறினேன். மூன்று பேரும் கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தார்கள். தம்பியின் கை மட்டும் முழங்கால்மேல் வேட்டியைக் கசக்கிக் கசக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. துணியில் ஒரு சுருக்கத்தைக்கூடப் பொறுக்காத கை அது. அவன் வாய்தான் சண்டை போட்டுக்கொண்டிருந்தது.

"கொஞ்சம் நிறுத்துடா" என்றேன்.

"அக்கா! ஜெபம் நடக்குது."

"இதுவா ஜெபம்? எக்ஸ்சேஞ்சுல நான் இந்த மாதிரி எத்தனை பேரைப் பார்த்திருக்கேன். ஒருத்தருக்குப் போனைப் போட்டு, அவரை லைன்ல நிக்க வெச்சுட்டு, வீட்டுக்குள்ளயே ஒருத்தரை ஒருத்தர் கத்திக்கிட்டு இருப்பாங்க. அந்தப் பக்கம் அந்த மனுஷன் ஹலோ ஹலோன்னு தொண்டை வத்திப் போவான். பதினோரு நாளா அவரும் ரிசீவரைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாருடா. உங்க துண்டையும் கொடியையும் கேட்டுக் கேட்டு அவருக்குக் காது புளிச்சிருக்கும். அவர்கிட்ட சொல்றதுக்கு யாருக்காவது ஏதாவது இருக்கா, இல்ல வெச்சிடட்டுமா?"

முன்னறையில் மூன்றாவது பல்பு மட்டும் ரீங்காரம் போட்டது.

"எனக்கு..." என்றான் தம்பி. 'அடியேன்' எங்கேயோ போய்விட்டிருந்தான். "எனக்குப் பயமா இருக்கு, ஆண்டவரே."

கண்ணைத் திறக்காமலே தொடர்ந்தான்.

"முழிச்சுக்கிட்டே இருக்கணுமாம். கண்ணுக்குப் பக்கத்துல கத்தி வரும்போது சும்மா படுத்திருக்கணுமாம். நான் எவ்வளவு துணி வெட்டியிருக்கேன்? கை ஒரு நூல் அளவு தவறினா என்ன ஆகும்னு எனக்குத் தெரியாதா? அந்த டாக்டருக்கு ஒரு தும்மல் வந்தாப் போச்சு. துணின்னா வேற வாங்கிக் குடுத்துடலாம். இதுக்கு எங்கே போறது?"

மூக்கை உறிஞ்சிக்கொண்டான்.

"ஊசிக் காது எனக்குத் தெரியாமப் போய் ரொம்ப நாளாச்சு. காலைல நான் குளிக்கப் போற நேரத்துல அவ வந்து இருபது ஊசியில நூல் கோத்து, குத்தி வெச்சுட்டுப் போறா. எனக்குத் தெரியாதுன்னு நினைச்சுக்கிட்டிருக்கா. தெரியும். அதைத் தடவிப் பார்த்துட்டுத்தான் தினமும் மிஷினுக்கு முன்னாடி உக்கார்றேன். அதைக்கூட அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லல..."

"என்னங்க, நான் கூடவே வர்றேங்க, நீங்க ஒண்ணும்..."

"ஜெபத்துல குறுக்கே பேசாதே!"

பதினோரு நாளில் அவன் அவளிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை.

"சரி சரி, முடிங்க" என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"அவ கூட வர்றாளாம். நான் போறேன். அவ்வளவுதான். ஆமென்."

முடிவு ஜெபம் போதகருடையது. வரும்போது நன்றாகத் தயார் பண்ணித்தான் வந்திருப்பார். "அதுக்கு மேல நான் என்ன சொல்றது? ஆமென்" என்றார். எழுந்தபோது மடியிலிருந்த காகிதப் பையை நாற்காலியிலேயே வைத்தார். அதற்குள் வெள்ளைத் துணி.

"ஐயா, அவசரமில்லை. கண்ணு சரியானப்புறம் பாத்துக்கலாம்" என்றான் தம்பி.

"இங்கேயே இருக்கட்டும், தம்பி. அளவும் எடுத்துக்கோங்க. இந்த வருஷம் நான் கொஞ்சம் பெருத்துட்டேன்."

மறுநாள் ஒன்பது மணிக்கு அவனை உள்ளே கூட்டிக்கொண்டு போனார்கள். வெளியே இரும்பு பெஞ்சில் நாங்கள் இரண்டு பேர். அவள் கண்ணை மூடினாள். கொஞ்ச நேரத்தில் திறந்து என்னைப் பார்த்தாள்.

"அண்ணி, வார்த்தையே வரலை. எவ்வளவு நல்லா ஜெபிப்பேன் நான்! இப்போ ஒண்ணுமே வரலை."

"வராட்டி போகுது. வெச்சுடாதே. லைன்லயே இரு."

அப்படியே இருந்தாள், என் கையைப் பிடித்துக்கொண்டு. சுவர்க் கடிகாரத்தில் முப்பத்தைந்து நிமிஷம். நானும் அன்று வேறு யார் பேச்சையும் ஒட்டுக் கேட்கவில்லை.

டாக்டருக்குத் தும்மல் வரவில்லை. சனிக்கிழமை கட்டைப் பிரித்தார்கள். வீட்டுக்கு வந்ததும் தம்பி முன்னறையில் தொங்கிய கறுப்புக் கோட்டின் முன்னால் நின்றான். கிட்டே போனான். எட்ட வந்தான்.

"என்ன அநியாயம் இது! கறுப்புத் துணியில நீல நூலைப் போட்டு எவன் தச்சான் இதை?"

"நீங்கதாங்க."

"நீ பாத்துட்டு சும்மாவா இருந்தே?"

"நான் சொன்னேன். நீங்கதான் பல்பை மாத்தச் சொன்னீங்க."

அன்று ஏழு மணிக்கு அவன் ஜெபம் இரண்டு வரி. கண்ணுக்கு நன்றி, ஊசிக்கு நன்றி. அவளுடையது ஒரே வரி. எனக்குத்தான் சப்பென்று போய்விட்டது. ஏழு மணி மூன்று நிமிஷத்துக்கு ஒரு குடும்ப ஜெபம் முடிந்தால் மனுஷிக்கு எப்படிப் பொழுதுபோகும்?

நாற்காலியை மடக்கிக்கொண்டிருந்தேன். உள்ளறையிலிருந்து அவள் குரல் கேட்டது.

"என்னங்க இது! மறுபடியும் கட்டில்மேலயா?"

"கொடியில இடம் எங்கே இருக்கு?"

"இப்போதான் கண்ணு நல்லாத் தெரியுதே, தேடிப் பாருங்க!"

நான் காதைக் கொடுக்கவில்லை. லைன் நேராகப் போய்க்கொண்டிருந்தது.