அந்தரத்தில் பிடித்த பிரேக்

அந்த ஆண்டின் முதல் மழை பெய்த காலையில் மருந்து விற்பனைப் பிரதிநிதியின் கார் கால்வாய்ப் பாலத்துச் சரிவில் சாலையை விட்டு எழும்பி, ஒரு வேன் அடியில் புகுந்து போகும் உயரத்தில் நின்று, அடுத்த மழைக்காலம் நெருங்கும்வரை இறங்கவில்லை. எழும்பியபோது கார் எண்பதில் போய்க்கொண்டிருந்தது. நான்கு டயர்களும் தேய்ந்து மொட்டையாகியிருந்தன; தண்ணீரை ஒதுக்கித் தள்ள அவற்றில் ஒரு வரிகூட மிச்சமில்லை. எதிரே பள்ளி வேன் வந்தது. அவர் பிரேக்கை ஓங்கி மிதித்தார், ஸ்டியரிங் கைக்குள் சும்மா சுழன்றது, பிறகு சக்கரங்களுக்கு அடியில் எதுவுமே இல்லை. வேன் அடியில் புகுந்து அந்தப் பக்கம் போய்விட்டது. அதன் முன் இருக்கையில் இருந்தது அவருடைய சொந்த மகள்.

அவர் மனைவி மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவள். மழை தொடங்கிவிட்டால் அவள் அறை வாசலில் ஸ்ட்ரெச்சர்கள் வரிசை கட்டும். அதனால் டயரை மாற்றச் சொல்லி, கோடையிலிருந்தே அவள் நச்சரித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய அண்ணன் டயர் கடை வைத்திருந்தார். அந்தக் கடையைத் தாண்டித்தான் கணவர் தினமும் போய்வந்தார். "அடுத்த மாசம் மாத்திக்கலாம்" என்பார், அந்த மாதம் மட்டும் வரவே இல்லை. செய்தி கேட்டதும் அவள் ஈயக் கவசத்தைக் கழற்றவும் மறந்து, அந்தக் கனத்தோடேயே பாலத்துக்கு ஓடினாள். அதற்குள் தீயணைப்புக்காரர்கள் கயிறு கட்டி இழுத்துப் பார்த்திருந்தார்கள். கார் அசையவில்லை, இழுத்தவர்கள்தான் கயிற்றோடு சாலையில் வழுக்கிக்கொண்டு போனார்கள். கதவுகள் திறக்கவில்லை, கண்ணாடி மட்டும் இறங்கியது. அவள் ஏணியில் ஏறினாள்.

"காலை எடுத்துட்டு ஜன்னல் வழியா வந்துடுங்க."

"எடுக்க முடியாது. வண்டி இன்னும் நிக்கலை."

அவள் உள்ளே எட்டிப் பார்த்தாள். வேகமானியின் முள் எண்பதுக்கு ஒரு மயிரிழை கீழே நடுங்கிக்கொண்டிருந்தது. எலும்பின் விரிசலை நிழலில் கண்டுபிடித்துப் பழகிய கண் அது, பார்த்தவுடன் விளங்கிவிட்டது. பிரேக் பிடித்தாகிவிட்டது, கார் நின்றுகொண்டிருக்கிறது, நின்று முடிக்க அதற்குக் காலம் ஆகும்.

"அவ கை காட்டினா," என்றார் அவர், சாலையையே பார்த்தபடி. "நான்தான்னு தெரிஞ்சதும் சிரிச்சுக்கிட்டே கை காட்டினா. நான் நேரா அவ மேலதான் போய்க்கிட்டிருந்தேன்."

ஜன்னலுக்குள் கை நீட்டி அவர் நெற்றியைத் துடைத்துவிட்டு இறங்கி வந்து, ஏணியின் கீழ்ப்படியில் உட்கார்ந்து அழுதாள்.

பிறகு ஊர் பழகிக்கொண்டது. அவள் வேலைக்குப் போகும் வழியில் ஏணியில் ஏறிச் சாப்பாடு கொடுப்பாள். அவர் பக்கக் கண்ணாடியைப் பார்த்து முகச்சவரம் செய்துகொள்வார், கால் பிரேக்கிலேயே இருக்கும். பள்ளி வேன் ஊர்ந்து வந்து ஒரு ஹாரன் அடிக்கும், அவர் ஒன்று அடிப்பார். அவரைக் கண்டாலே பின்வாசல் வழியாக நழுவும் டாக்டர்கள்கூட இப்போது தாமாக வண்டியை நிறுத்தி, அண்ணாந்து நலம் விசாரித்தார்கள். பனிமூட்டக் காலம் வந்தபோது அவள் முகப்பு விளக்குகளைத் துடைத்து, பழுதான பல்பை மாற்றிக்கொடுத்தாள். வெள்ளையாய் மூடிக்கிடந்த சாலைக்கு மேலே அந்த விளக்குகள் நிலவுபோல் தொங்கின. அடியில் வந்த ஒவ்வொரு வண்டியும் கோயிலுக்குள் நுழைவதுபோல் வேகம் குறைத்தது. அந்தக் குளிர்காலம் முழுவதும் அந்தச் சாலையிலிருந்து அவள் மேசைக்கு ஒரு முறிந்த எலும்பும் வரவில்லை.

முள் மெல்ல மெல்ல இறங்கி, கோடையில் நாற்பதில் சிக்கிக்கொண்டது. வெயிலில் மொட்டை டயர்கள் உப்பின. அண்ணன் வந்து தடவிப் பார்த்தார்.

"மாப்ள, இந்த டயரை வெச்சுக்கிட்டு நீங்க தரையிலயும் நிக்க மாட்டீங்க, ஆகாயத்துலயும் நிக்க மாட்டீங்க."

"அண்ணே, இங்கேயே மாத்திடுவோம்," என்றாள் அவள்.

"நட்டைக் கழட்டுறப்போ வண்டி விழுந்துட்டா?"

"மழை வந்தா மறுபடியும் வழுக்கும். அதுக்குள்ள மாத்தணும்."

அண்ணன் ஏணியில் கால் வைக்கவில்லை. அவளே ஸ்பானரை வாங்கிக்கொண்டு ஏறினாள். ஒவ்வொரு புது டயராக இறுகியபோது முள் சட்டென்று இறங்கியது. கடைசி நட்டு இறுகி, அவள் ஏணியை விட்டு இறங்கியதும் கார் முன்னால் நகர்ந்தது. சாலையில் எல்லா வண்டிகளும் நின்றுவிட்டன. வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை. ஆனால் புது டயர்களின் வரிகளிலிருந்து போன வருடத்து மழை இருபுறமும் பீய்ச்சியடித்தது. ஏணியைப் பிடித்திருந்தவர்கள் தொப்பலாக நனைந்தார்கள். யாரும் ஒதுங்கவில்லை. கார் காற்றின் சரிவில் சறுக்கி இறங்கி, தார்ச்சாலையைத் தொட்டு, எதிரே நின்ற பள்ளி வேனுக்கு ஒரு கை தூரத்தில் நின்றது. மகள் இறங்கி வந்து, சூடு பார்ப்பதுபோல் பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்தாள். அதற்குப் பிறகுதான் அவர் பிரேக்கிலிருந்து காலை எடுத்தார். கால் மரத்துப்போயிருந்தது. "நகருங்க, நான் ஓட்டறேன்," என்றாள் மனைவி. அவர் பக்கத்து இருக்கைக்கு நகர்ந்தார்.

கார் அந்தரத்தில் நின்ற இடத்துக்கு நேர்கீழே, ஒரு கார் அளவுக்கு, அதற்குப் பிறகு மழை பெய்வதில்லை. சுற்றிலும் கொட்டும்போதும் அந்தக் கட்டம் காய்ந்து கிடக்கும். இருசக்கர வண்டிக்காரர்கள் அதற்குள் நிறுத்தி மழைக்கோட்டை மாட்டிக்கொள்கிறார்கள். கார்க்காரர்கள் வைப்பர் ரப்பரைச் சரிபார்த்துக்கொண்டு புறப்படுகிறார்கள். சாலைத் துறை அதைச் சுற்றி வெள்ளைக் கோடு போட்டிருக்கிறது. வருடா வருடம் மழைக்கு முன்பாக ஆட்கள் வந்து கோட்டைப் புதுப்பித்துவிட்டுப் போகிறார்கள்.