முப்பத்தேழு தடவை திறந்த மூடி

இப்போது உருளைக்கிழங்குக்குக்கூட வேஷம் போட்டு விற்கிறார்கள். கப்பலில் வந்த கிழங்கை மூட்டையிலிருந்து கொட்டி, ஈர மண்ணில் புரட்டிக் காயவைத்து, வெலிமடைக் கிழங்கு என்று பதுளையில் கூவுகிறார்கள். வாங்குகிறவனும் நகத்தால் தோலைக் கீறிப் பார்ப்பதில்லை. பையை நீட்டுகிறான், போனைக் காதில் வைத்துக்கொண்டு போகிறான். யாரும் எதையும் பார்ப்பதில்லை. ஒரு பட்டனை அமுக்கினால் எல்லாம் தானாக நடந்துவிடும் என்று நினைப்பு.

நான் பார்க்கிற ஆள். முப்பத்தொரு வருஷம் ஸ்டோரில், அதுதான் தேயிலைத் தொழிற்சாலையில், போறணை என்கிற பெரிய அடுப்புக்கு விறகு போட்டேன். கொழுந்து காய்வதற்கான சூடு அந்தப் போறணையிலிருந்துதான் போகவேண்டும். குறைந்தால் தூள் புளிக்கும், கூடினால் கருகும். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை இரும்புக் கதவைத் திறந்து நெருப்பின் நிறத்தைப் பார்ப்பேன். ஒரு நாளும் என் கையில் தூள் கெட்டதில்லை. பள்ளிக்கூடத்தில் நான் படித்தது இரண்டாம் வகுப்பு. மீதியெல்லாம் கண்ணால் பார்த்துப் படித்தது.

இரண்டாயிரத்து மூன்றில் என் பொண்டாட்டி பெரியாயிக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. பஸ் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். குமாரசிங்கம் என்று ஒரு யாழ்ப்பாணத்து டாக்டர். அவள் முதுகில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார்.

"சளி இல்லை ஐயா. அடுப்புப் புகைதான் நெஞ்சில படிஞ்சு கிடக்குது. இனி விறகடுப்புப் பக்கம் போகவே கூடாது. விளங்குதோ?"

"அப்ப நான் மூட்டிச் சமைக்கிறேங்க."

"உங்கட வீட்டில எத்தனை அறை?"

"ஒண்ணுதாங்க. தோட்டத்து வரிசை வீடு, லயம்."

"அப்ப ஆர் மூட்டினாலும் புகை ஒண்டுதானே. இன்னும் ஒரு வருசம் இப்பிடியே போனால் பிறகு என்னட்டக் கொண்டு வந்தும் பிரயோசனம் இல்லை."

அந்த மனுஷர் சொன்னதை மட்டும் நம்பினேன். ஏனென்றால் ராத்திரியெல்லாம் அவள் மூச்சை நானும் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தேன்.

மண்ணெண்ணெய் அடுப்பு வாங்கிப் பார்த்தேன். அந்த வாடைக்கும் இருமினாள். குவைத்தில் வீட்டு வேலை செய்கிற எங்கள் மகள் விஜயலெட்சுமி ஏற்கனவே அனுப்பியிருந்த கரண்டுக் கேத்தலில் தண்ணீர் மட்டும் கொதிக்கும். மூன்று கிழமை, இருபத்தொரு நாளும், கடை ரொட்டிதான். பாணும் சீனியும், பாணும் வாழைப்பழமும், பாணும் வெறும் தேத்தண்ணியும். பெரியாயி கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"பாண் தின்னு தின்னு நாக்கு செத்துப் போச்சு. நான் அடுப்ப மூட்டத்தான் போறேன்."

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"அவரு வீட்டுல கறி இருக்கும். சொல்லுவாரு."

அந்தக் கிழமைதான் ஸவாஹிரா வந்தாள். பதுளைப் பிள்ளை. குவைத்தில் எங்கள் மகளோடு ஒரே தெருவில் வேலை செய்தவள். லீவில் வரும்போது மகள் கொடுத்துவிட்ட பெட்டியைச் சுமந்துகொண்டு லயத்துப் படி ஏறி வந்தாள். பெட்டிக்குள் ஒரு சட்டி. உள்ளே கறுப்பு மண் பானை, வெளியே தகரம், மேலே கண்ணாடி மூடி, பின்னால் கரண்டு வயர். பெரியாயி எழுந்து உட்கார்ந்தாள். ஸவாஹிரா வயரை விரித்துக் காட்டினாள்.

"விஜிதான் வாங்கித் தந்தா. புகை இல்ல, சத்தம் இல்ல, ஒண்டும் இல்ல. ரெண்டு மூணு பல்பு எரியிற கரண்டுதான் இழுக்கும்."

"பல்பு கரண்டுல கெழங்கு வேகுமா?" என்றேன்.

"மெல்ல மெல்ல வேகும் அப்பா. கெழங்க நல்லாக் கழுவி, தோலோட ரெண்டாப் பொளந்து போடுங்க. பூடு பத்துப் பல்லு, மொளகுத்தூள், உப்பு. மேல மாஜரின் ரெண்டு கரண்டி, பால் அரைக் கோப்பை. மூடிட்டுப் போங்க. ஆறு மணித்தியாலம்."

"கறிவேப்பில?" என்று கேட்டாள் பெரியாயி.

"விஜி வேல செய்ற ஊட்டு மேடத்துக்குக் கறிவேப்பில தெரியாது. நீங்க போடுங்க. காஞ்ச மொளகாயும் கிள்ளிப் போடுங்க."

"கிண்ட வேணாமா?"

"கிண்டவும் வேணாம், தெறக்கவும் வேணாம். ஒரு தரம் தெறந்தா உள்ள ஈக்கிற சூடெல்லாம் போயிரும். திரும்ப ஏற அரை மணித்தியாலம் புடிக்கும். அதத்தான் விஜி முக்கியமாச் செல்லச் சொன்னா. அப்பா தெறப்பாரு, உடாதீங்க எண்டு."

தேத்தண்ணி குடித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போனாள். பெற்ற மகள் கடல் தாண்டி இருந்துகொண்டு என்னைப்பற்றி ஊராரிடம் சொல்லி அனுப்புகிறாள்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு வைத்தேன். வெலிமடைக் கிழங்கு, நானே ஒவ்வொன்றாகக் கீறிப் பார்த்து வாங்கியது. குமிழைத் திருப்பினேன். சிவப்பாக ஒரு புள்ளி எரிந்தது. அவ்வளவுதான். சடசடப்பு இல்லை, வாசனை இல்லை. கையை வைத்துப் பார்த்தால் பூனைக்குட்டியின் வயிறு மாதிரி ஒரு வெதுவெதுப்பு. இதற்குப் பெயர் சமையலா.

பலகையை இழுத்துப்போட்டு முன்னால் உட்கார்ந்தேன்.

எட்டு மணிக்குப் பனி இறங்கியது. திறந்த கதவு வழியாக உள்ளே வந்து கட்டில் காலைச் சுற்றிக்கொண்டு நின்றது. எதிர்மலை இல்லாமல் போயிற்று. கொஞ்சம் கழித்து யாரோ ஓரத்தைத் தூக்கிப் பார்த்ததுபோல் ஒரு கீற்று மலை தெரிந்தது. இரண்டு சவுக்குமரம், கோயில் கூரை, ஒரு சிவப்புத் துணி. மறுபடி மூடிக்கொண்டது. கண்ணாடி மூடியிலும் அப்படித்தான். உள்ளே வெள்ளையாக ஆவி படிந்து ஒன்றும் தெரியவில்லை. ஒரு துளி திரளும், வழியும், அது வழிந்த கோட்டில் ஒரு கிழங்கு தெரியும், மறையும். பார்க்கப் பார்க்கக் கண் சொக்கியது.

திறந்து பார்த்தேன். பச்சையாக இருந்தது. மூடினேன்.

இன்னொரு தடவை பார்த்தேன். பால் கொஞ்சம் நடுங்கியது. மூடினேன்.

சுவரில் தலை சாய்த்திருந்தவன் தூங்கிவிட்டேன் போலிருக்கிறது. ஸ்டோர்ப் போறணைக்குள் நின்றுகொண்டிருந்தேன். நெருப்பு இல்லை. கங்குகள் இருக்கவேண்டிய இடத்தில் கிழங்குகள் அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றுக்குள்ளும் மங்கலாக ஒரு வெளிச்சம் ஏறி இறங்கியது. காலடியில் சாம்பல், பஞ்சு போல. சூடே இல்லை, ஆனால் வேர்த்தது. கிழங்குகள் மூச்சு விடுவது கேட்டது. இழுத்து இழுத்து விட்டன. அது பெரியாயியின் மூச்சு. கதவைத் திறக்கவேண்டும் என்று தோன்றியது, கைப்பிடி கிடைக்கவில்லை. தடவித் தடவிப் பிடித்துத் திறந்தேன்.

கையில் கண்ணாடி மூடி இருந்தது. முகத்தில் ஆவி அடித்தது.

பகல் ஒரு மணிக்குக் கரண்டியால் குத்தினேன். கரண்டிதான் வளைந்தது.

"கல்லு," என்றேன். "எல்லாம் ஏமாத்து. குவைத்துக்காரன் நம்ம புள்ளைய ஏமாத்திட்டான். இல்லாட்டி கெழங்குதான் பொய்."

பெரியாயி போர்வையைத் தள்ளினாள். எழுந்தாள். நான் தடுப்பதற்குள் மூலையில் கிடந்த விறகைத் தள்ளி, தீக்குச்சி கிழித்துவிட்டாள். மூன்று கிழமை ஈரம் குடித்த விறகு. புகை கூரைக்கு ஏறி, வழி தெரியாமல் திரும்பி இறங்கியது. கிழங்கு வெந்தது. அவள் இரண்டு துண்டு தின்றாள். பிறகு இரும ஆரம்பித்தவள் பொழுது சாயும்வரை நிறுத்தவில்லை. முதுகைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். என் கைக்குக் கீழே எலும்பு எலும்பாக நடுங்கியது. நெருப்பைக் கண்டு நான் பயந்தது அன்றைக்குத்தான்.

இருமல் அடங்கியதும் சொன்னாள்.

"முப்பத்தேழு."

"என்னது முப்பத்தேழு?"

"முப்பத்தேழு தடவ தொறந்தீங்க. நான் எண்ணிக்கிட்டுத்தான் படுத்திருந்தேன்."

"பாக்காம எப்படி புள்ள தெரியும் வேகுதா இல்லையான்னு?"

"அது ஸ்டோர்ப் போறணை இல்ல. நீங்க பாக்குறதுனாலதான் வேகல." மூச்சு வாங்கினாள். "நாளைக்கு ஒரு நாள் வைங்க. நாளைக்கும் கல்லா இருந்துச்சுன்னா, அப்புறம் தெனமும் அடுப்புத்தான். யாரு சொன்னாலும் கேக்கமாட்டேன். இருமிச் செத்தாலும் வெந்தத நாலு வாய் தின்னுட்டுச் சாகுறேன்."

சொன்னால் செய்கிறவள். கல்யாணம் முடிந்து நாற்பத்திரண்டு வருஷத்தில் அவள் சொல்லிச் செய்யாத ஒன்று எனக்கு ஞாபகம் இல்லை.

மறுநாள் ஏழு மணிக்கு மறுபடி வைத்தேன். மூடிமேல் ஒரு துண்டை விரித்து, துண்டின்மேல் அம்மிக் குழவியை வைத்தேன். பலகையைத் தள்ளிப் போட்டேன். ஏழரைக்குக் குழவியை எடுத்தேன். துண்டை விலக்கினேன்.

"ஒண்ணு," என்றாள் கட்டிலிலிருந்து.

மூடினேன். கைகளைத் தொடைக்கடியில் வைத்து உட்கார்ந்தேன். எட்டு மணிக்கு என் கை எப்போது வெளியே வந்தது என்று எனக்கே தெரியாது.

"ரெண்டு."

"வாசன வரல புள்ள. கரண்டு நின்னுருக்கும்."

"செவப்பு எரியுது. இங்கேருந்தே தெரியுது. நீங்க வெளிய போங்க."

"நான் போனா யாரு பாக்குறது?"

"யாரும் பாக்க வேணாம். போங்க. ஒரு மணிக்கு முந்தி வாசப்படி ஏறுனீங்கன்னா நான் அடுப்ப மூட்டிடுவேன். இது வெளையாட்டு இல்ல."

போனேன்.

பனிக்குள் இறங்கினேன். இரண்டடிக்கு மேல் பாதை இல்லை. நடக்க நடக்கத்தான் பாதை வந்தது. தேயிலைக்குள்ளிருந்து பொம்பளைகள் பேசுவது கேட்டது. ஆளைக் காணவில்லை, பேச்சு மட்டும் செடிக்குச் செடி தாவிக்கொண்டு போனது. எவளோ எவளுடைய மாமியாரையோ திட்டினாள், பனி முழுக்கச் சிரித்தது. பாலத்துக் கைப்பிடிச் சுவரில் போய் உட்கார்ந்தேன். வெலிமடை பஸ் வந்தது. முதலில் மஞ்சளாக இரண்டு வெளிச்சம், பிறகு மரக்கறி மூட்டைகளின் லீக்ஸ் வாடை, பிறகுதான் பஸ். அது போனபிறகும் லீக்ஸ் வாடை மட்டும் ரோட்டில் நின்றது. மணி எத்தனை என்று தெரியவில்லை. வெயில் இல்லை, நிழல் இல்லை. நான் எழுபது வருஷமாக அந்தச் சுவரிலேயே உட்கார்ந்திருக்கிறேன் என்று யாராவது சொல்லியிருந்தால் சரி என்றிருப்பேன். என் உடம்பே ஒரு மூடிக்குக் கீழே வெதுவெதுப்பாக இருந்தது. கண்ணை மூடினாலும் வெள்ளை, திறந்தாலும் வெள்ளை.

அந்த வெள்ளைக்குள்ளிருந்து கந்தப்பன் கங்காணி வந்தான்.

"என்னண்ணே, வீட்ட விட்டு வெரட்டிட்டாங்களா?"

"சட்டி வெரட்டிருச்சு."

"சட்டியா?"

"நான் இருந்தா வேகாதாம்."

யோசித்தான். "எங்க வீட்டுலயும் அப்படித்தாண்ணே. நான் இருந்தா ஒண்ணும் வேகாது. ஆனா இல்லாட்டியும் வேகாது." குடையால் பனியைக் குத்திக்கொண்டு போய்விட்டான்.

அவன் போனபிறகு பயம் வந்தது. கிழங்கைப்பற்றி இல்லை. வேகாத சட்டியைப் பார்த்து அவள் தீக்குச்சியை எடுக்கிற மாதிரியே தெரிந்தது. ஸ்டோரில் பகல் ஒரு மணி அடிக்கும்வரை அந்த ஒரு குச்சியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அடித்ததும் எழுந்து, முழங்கால் வலியோடு மேட்டில் ஏறினேன். கூரைக்கு மேலே புகை தெரிகிறதா என்று பார்த்தேன். பனியில் புகை எது, பனி எது.

வாசலில் நின்றேன். பூடு வாசனை வந்தது. வறுத்த வாசனை இல்லை, வேறு மாதிரி. மழை பெய்த மண்ணில் நெய் சிந்தினால் வரும் வாசனை.

பெரியாயி கட்டிலில் காலைத் தொங்கப் போட்டு, மடியில் பீங்கானை வைத்துத் தின்றுகொண்டிருந்தாள். கிழங்கு ஓரமெல்லாம் பொன்னிறமாக, பால் வற்றி, தோல் சுருங்கியிருந்தது. விரலால் தொட்டதும் விட்டுக் கொடுத்தது. பூடு கிழங்கோடு கிழங்காகக் கரைந்திருந்தது. பாணால் வழித்து எடுத்தாள். இரண்டாம் தடவையும் போட்டுக்கொண்டாள்.

"தின்னுங்க. ஏன் நிக்கிறீங்க?"

தின்றேன். உப்பு அரைக்கல் குறைவு.

"இன்னைக்குக் கரண்டு பலமா வந்துருக்கும்," என்றேன்.

"ஆமா. நேத்து ஒங்களப் பாத்துக் கரண்டு பயந்துருச்சு."

சிரித்தாள். சிரிப்பு இருமலாக மாறும் என்று காத்திருந்தேன். மாறவில்லை. தின்று முடித்து, கையைக் கழுவிவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பாமல் கதவைப் பார்த்துப் படுத்தாள். நான் மூச்சைக் கேட்டேன். இழுப்பு இருந்தது, ஆனால் தூரத்தில் இருந்தது.

அடுப்பில் பூனை தூங்கினால் அந்த வீடு பட்டினி என்பார்கள். எங்கள் அடுப்பில் இப்போது பூனை குட்டி போட்டிருக்கிறது. போன மாதம் அதே டாக்டர் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, "பரவாயில்லை அம்மா, இப்பிடியே இருங்கோ," என்றார். பெரியாயி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

இன்றைக்குக் காலையிலும் வைத்தேன். கிழங்கைப் பிளந்து அடுக்கி, பூடு நசுக்கி, கறிவேப்பிலையை உருவிப் போட்டு, மாஜரின், பால், மூடி. சிவப்பு எரிந்தது. காதை வைத்துக் கேட்டேன். ஒரு சத்தமும் இல்லை. நெருப்பு இல்லாமல், ஆள் இல்லாமல், ஒரு பொருள் தானாக வேகிறது என்று என்னிடம் யாரும் சொல்லவேண்டாம். எங்கேயோ ஏதோ சூது இருக்கிறது. எனக்குப் பிடிபடவில்லை, அவ்வளவுதான்.

"கை போகுது," என்றாள் பெரியாயி.

"போகல. துண்டத்தான் எடுக்குறேன்."

துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, கதவை அவளுக்குக் காற்று வரும் அளவுக்குத் திறந்து வைத்துவிட்டு, படி இறங்கினேன். இது வேகாது என்றுதான் இன்றைக்கும் நினைத்துக்கொண்டு நடந்தேன்.