சவுக்காரம் கரைக்காத மூச்சு

கொரோனா வைரசின் 'எம்' (M) என்கிற புரதத்தைப் பற்றி உதயகலாவுக்குத் தெரியாதது கொஞ்சம்தான். பல்கலைக்கழகத்தில் அவள் ஆராய்ந்துகொண்டிருந்ததே அதைத்தான். கோப்பாயில் வெங்காயத் தோட்டம் செய்கிற தகப்பன் தம்பிஐயாவுக்கும் அதை விளங்கப்படுத்தி வைத்திருந்தாள். எல்லாரும் படத்தில் முள்ளைத்தான் பெரிதாகக் கீறுகிறார்கள், வேலை முழுக்க எம் புரதத்தினுடையது என்பாள். வைரசைச் சுற்றி மெல்லிய கொழுப்புச் சவ்வு. அந்தச் சவ்வுக்குள் சோடி சோடியாகப் புதைந்து நின்று, அதை வளைத்து உருண்டையாக்குவது எம் புரதம். வெளியே நிற்கிற முள்ளையும், உள்ளே சுருண்டு கிடக்கிற மரபுப் பொருளையும் ஒன்றாகப் பிடித்து வைத்திருப்பதும் அதுதான். சவ்வு கரைந்தால் அதற்கு நிற்க இடமில்லை, எல்லாம் சிதறிவிடும். கரைப்பதற்குச் சவுக்காரம் போதும்.

"அப்ப உது கூரைமரம் மாதிரி," என்றார் தம்பிஐயா.

அவருக்கு இது நன்றாகப் பிடித்துக்கொண்டது. செத்தவீட்டுக்குப் போய்வந்தால் கிணற்றடியில் தலைமுழுகித் தோய்ந்துவிட்டுத்தான் ஊரில் வீட்டுக்குள் கால் வைப்பார்கள். பழைய ஆட்கள் அறியாமலா வைத்தார்கள் என்று அயலெல்லாம் சொல்லித் திரிந்தார். மகள் மறுக்கவில்லை. படித்த பிள்ளை தலையாட்டினால் தகப்பனுக்கு வேறென்ன வேண்டும்?

கொரோனா பரவிய அந்த ஆவணியில் அரியாலையில் அவருடைய தமையன் நமசிவாயம் இருமலோடு கிடந்து வீட்டிலேயே செத்துப்போனார். வயது போய்த்தான் என்றார்கள். போகலாமோ என்று தம்பிஐயா மகளைக் கேட்டார். போய்வந்து நல்லாகச் சவுக்காரம் போட்டுத் தோயுங்கள், ஒன்றும் வராது என்றாள். அம்மாவை மட்டும் போகவிடவில்லை. சின்ன அறைக்குள் சனத்தோடு நெருங்கியிருந்து அழுதுவிட்டு வந்து, அவரும் அப்படியே தோய்ந்தார். அடுத்த கிழமை அவருக்குக் காய்ச்சல். பிறகு மனைவி அருமைநாயகிக்கு. அவர் தேறிவிட்டார், அருமைநாயகி தேறவில்லை.

அதன்பிறகு தம்பிஐயா காலையும் மாலையும் கிணற்றடியில்தான். தேய்த்துத் தேய்த்து முழங்கை உரிந்துபோனது. உதயகலா பூச்சுமருந்து வாங்கிக் கொடுத்தாள், சொல்லவேண்டியதை மட்டும் சொல்லவில்லை. குற்றவுணர்ச்சியில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை என்பது உண்மைதான். அதனால் யாருக்கு என்ன பயன்?

அருமைநாயகியின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குக் கீரிமலைத் தீர்த்தத்துக்குப் போனார்கள். கிரியை முடிந்து தகப்பன் ஆண்களின் கேணிக்குள் இறங்க, அவள் மாற்று வேட்டியோடு மதிலுக்கு இந்தப் பக்கம் நின்றாள். கேணிக்குள் சவுக்காரம் போடக்கூடாது என்று உள்ளே யாரோ அவரை அதட்டுவது கேட்டது. பிறகு தகப்பனின் குரல்.

"கோவிக்காதையுங்கோ தம்பி. நான் அண்டைக்கு ஒழுங்காத் தோயேல்லை. அதாலைதான் என்ரை மனிசி செத்தது."

அவர் ஈரத்தோடு வெளியே வந்ததும், இனியும் வாயைத் திறக்காவிட்டால் தான் ஒரு பிள்ளையே இல்லை என்று உதயகலா நினைத்தாள்.

"அப்பா, நீங்கள் ஒழுங்காத்தான் தோய்ஞ்சனீங்கள். அது மூச்சிலை வந்தது. உள்ளை போன மூச்சைச் சவுக்காரம் போட்டுக் கழுவேலாது. எனக்கு அது அண்டைக்கே தெரியும்."

அவர் வேட்டியை வாங்கவில்லை.

"அதுதானோ கொம்மாவை வரவேண்டாமெண்டு மறிச்சனீ?"

அம்மாவுக்கு மூச்சிழுப்பு இருந்ததால் பயந்ததாகச் சொன்னாள்.

"அப்ப என்னை ஏன் விட்டனீ?"

பதில் கேவலமானது. ஆனாலும் சொன்னாள். தமையனின் சாவுக்குத் தம்பி போகவில்லையென்றால், படித்த மகள்தான் மறித்தவள் என்று சொந்தக்காரர் கதைப்பார்கள். அந்தக் கதைக்குப் பயந்துதான் சவுக்காரம் போதும் என்று சொல்லிவிட்டாள்.

தம்பிஐயா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"நீ போகவேண்டாமெண்டாலும் நான் போயிருப்பன், என்ரை அண்ணை," என்றார். "மூச்சிலை வருமெண்டு மட்டும் சொல்லியிருந்தால், வந்து தோட்டத்துக் கொட்டிலிலை படுத்திருப்பன் பிள்ளை. கொம்மாவுக்குக் கிட்டப் போயிருக்கமாட்டன்."