அய்யாக்கண்ணுவின் ஐசி நம்பர்

எதை டைப் செய்தாலும் ஸ்பேஸ் கட்டையை முதலில் ஒரு தட்டு தட்டிவிட்டுத்தான் தவமணி அக்கா ஆரம்பிப்பார். வக்கீல் அலுவலகத்தில் இருபத்தைந்து வருடம் டைப்ரைட்டர் அடித்த கை, சொன்னால் கேட்குமா? ஜார்ஜ்டவுன் தனியார் மருத்துவமனை ஒன்றில் நோயாளிகளைக் கம்ப்யூட்டரில் பதியும் வேலைக்கு வந்த பிறகும் அந்தத் தட்டு நிற்கவில்லை.

அங்கே எல்லாரும் நிரப்பும் இணையப் படிவத்தை எழுதியவன் கதிர்காமநாதன். ஐசி என்னும் அடையாள அட்டையின் எண்ணுக்கு முன்னால் ஓர் இடைவெளி விழுந்துவிட்டால் கம்ப்யூட்டருக்கு அந்த நோயாளி வேறு ஆள். அதை வெட்டி எறிய புரோகிராமில் ஒரே ஒரு வரி போதும். இரண்டு மாதத்துக்கு முன்பே இது அவன் கண்ணில் பட்டது. அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டான். சோம்பேறித்தனம், வேறென்ன.

அந்த அடுத்த வாரம் வரவே இல்லை. லாரி ஓட்டும் அய்யாக்கண்ணுதான் வந்தார், காய்ச்சலில் நினைவு தப்பி. நர்ஸ் ருக்குமணி அவருடைய ஐசி எண்ணைத் தட்டிப் பார்த்தாள். பதிவு இல்லை என்றது திரை. டாக்டர் சொன்னபடி பென்சிலின் போட்டாள். பத்தே நிமிடம், மனிதர் போய்விட்டார். அவருக்குப் பென்சிலின் ஆகாது என்று தவமணி அக்கா போன வருடமே பதிந்திருந்தார், முன்னால் அந்த ஒரு தட்டோடு.

செய்தி கேட்டதும் கதிர்காமநாதனின் முதலாளி அவனைத் தனியாகக் கூப்பிட்டார்.

"திங்கக்கெழம விசாரணைலா. அதுக்குள்ள சரி பண்ணிடு. வாயத் தொறக்காத. இன்னும் மூணு ஆஸ்பத்திரி நம்ம சிஸ்டத்த கேட்டுருக்கு."

அந்த வரியை எழுதினான். பழைய பதிவுகளிலிருந்த இடைவெளிகளையும் துடைத்தான். எல்லாம் சேர்த்து அரை மணி நேரம். பாவி, இரண்டு மாதமாக அந்த அரை மணி நேரம் கிடைக்கவில்லையா? இனிமேல் யாரும் இப்படிச் சாக மாட்டார்கள் என்று தனக்குத்தானே ஆறுதல் சொல்லிக்கொண்டான்.

திங்கட்கிழமை விசாரணையில் ருக்குமணி தலைநிமிர்ந்துதான் நின்றாள். "நான் தேடுனேன் சார். இல்லன்னு வந்துச்சு."

"பென்சிலின் ஆகாதுன்னு நான் பதிஞ்சேன் சார்" என்றார் தவமணி அக்கா.

"சரி, எல்லாருக்கும் முன்னாடி தட்டிப் பாரும்மா" என்றார் நிர்வாகி.

ருக்குமணி தட்டினாள். அய்யாக்கண்ணுவின் பெயர் வந்தது. கீழே சிவப்பு எழுத்தில், பென்சிலின் ஆகாது.

அய்யாக்கண்ணுவின் மனைவி தனலெட்சுமி எழுந்து வந்து திரையைப் பார்த்தாள். "கண்ணுக்கு முன்னாலயே இருக்கேம்மா" என்றாள்.

"அன்னிக்கு இல்லக்கா." ருக்குமணி கதிர்காமநாதன் பக்கம் திரும்பினாள். "அண்ணே, நீங்க சொல்லுங்கண்ணே."

முதலாளி அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சிஸ்டத்துல கோளாறு இல்ல" என்றான் கதிர்காமநாதன்.

ருக்குமணி மறுபடி தட்டினாள். மறுபடியும் வந்தது. மூன்றாம் முறை ஒவ்வோர் எண்ணாகப் பார்த்துப் பார்த்துத் தட்டினாள். அப்போதும் வந்தது.

"அப்ப நான்தான் தப்பா தட்டிட்டேனா?" என்று கேட்டாள். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து தனலெட்சுமியின் காலைப் பிடித்துக்கொண்டாள்.