முட்டிக்கு ஐந்து எண்ணெய்

தோத்தாத்ரி சார் முனிரத்தினத்துக்குத் தர வேண்டிய பாக்கி இரண்டாயிரத்து முந்நூற்று நாற்பது ரூபாய். அஸ்தினாபுரம் வீட்டு பாத்ரூமில் டைல்ஸ் ஒட்டிய கூலியில் மிச்சம். தரமாட்டேன் என்று அவர் சொல்லவில்லை. ரிடையர் ஆன கெமிஸ்ட்ரி வாத்தியார், எதையும் சோதித்துப் பார்க்காமல் விடமாட்டார். வேலை முடிந்த அன்று ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்துக்கொண்டு நூற்றுப் பன்னிரண்டு கல்லையும் தட்டினார். குழாய்க்குக் கீழே தரைக் கல் ஒன்று மட்டும் பொக்கென்றது.

"இதை எடுத்து மறுபடி ஒட்டிடுங்கோ முனிரத்தினம். காசு ரெடியா இருக்கு."

நியாயம்தான். அடியில் கலவை சரியாகப் பரவவில்லை. ஆனால் தரைக் கல்லை நின்றுகொண்டு ஒட்ட முடியாது, முட்டி போட வேண்டும். முனிரத்தினத்தின் வலது முட்டியில் தோல் இல்லை. அதே பாத்ரூமில் ஈரக் கலவை பேண்ட்டில் ஊறியதைக் கவனிக்காமல் காலையிலிருந்து மாலை வரை மண்டியிட்டிருந்தார். சிமெண்ட் அந்த நேரத்தில் தன் வேலையைப் பார்த்துவிட்டது.

இன்னொரு அவசரமும் இருந்தது. காண்ட்ராக்டர் உதயா கூடுவாஞ்சேரியில் நாற்பது பாத்ரூம் பிடித்திருந்தான். "ஒண்ணாந்தேதி ஆரம்பிக்கிறேண்ணா. முட்டி போட முடிஞ்சா வா. இல்லாங்காட்டி வேற ஆளைப் போட்டுக்கறேன், கோச்சிக்காத," என்று முன்கூட்டியே சொல்லிவிட்டான். மூன்று வாரம் இருந்தது.

தோத்தாத்ரி சார் முட்டியைப் பார்த்ததும் உள்ளே போய் ஒரு பாட்டிலோடு வந்தார்.

"வேப்பெண்ணெய் கிருமியைக் கொல்லும். தேங்காயெண்ணெய் தோலை காயவிடாது. நல்லெண்ணெய், ஆமணக்கெண்ணெய், இலுப்பெண்ணெய், ஒவ்வொண்ணும் தனித்தனியா நல்லது. இதுல அஞ்சும் சேந்து இருக்கு. யோசிச்சுப் பாருங்கோ."

முனிரத்தினம் யோசித்தார். பிறகு காலை நீட்டினார். சார் புண்ணில் எண்ணெயை விட்டு, ஒரு விட்டமின் ஈ மாத்திரையை ஊக்கால் குத்தி அதன் மேலேயே பிழிந்தார். பாட்டிலையும் கையில் கொடுத்தார்.

"ஆறினதும் வந்து கல்லை ஒட்டிட்டு காசை வாங்கிண்டு போங்கோ."

ஆறவில்லை. இரண்டு வேளையும் எண்ணெய் விட்டார். மூன்று நாளுக்கு ஒருமுறை போய்க் காட்டினார். சார் இன்னொரு மாத்திரையைப் பிழிந்தார். நடுவில் சோற்றுக்காக இரண்டு சில்லறை வேலைக்கும் போய், சாக்கை மடித்துப் போட்டு அதே முட்டியில் மண்டியிட்டார். எட்டாம் நாள் புண் முன்னைவிடப் பெரிதாக, நன்றாகப் பளபளத்துக்கொண்டிருந்தது.

"முட்டிக்கு எண்ணெ வுட்டுகினே கீறியே, நீ இன்னா மோட்டார் வண்டியா?" என்றாள் மனைவி கங்கையம்மாள்.

முனிரத்தினம் எழுத்துக் கற்றதே நாற்பத்தைந்து வயதில்தான். டைல்ஸ் பெட்டியில் அளவு பார்க்கத் தெரியவில்லை என்று ஒரு மேஸ்திரி திட்டியதால் கற்றுக்கொண்டார். அதனால் எதையும் மெதுவாகத்தான் படிப்பார். பாட்டிலின் முன்பக்கத்தில் ஐந்து எண்ணெய்களின் பெயரும் பெரிதாக இருந்தது, அதை முதல் நாளே முடித்திருந்தார். பின்பக்கத்துப் பொடி எழுத்துக்கு அன்றைக்குத்தான் வந்து சேர்ந்தார். விரலை வைத்து ஒரு தடவை படித்தார். பிறகு இன்னொரு தடவை.

"இன்னா எய்திகீது?"

"விளக்கேத்த மட்டும்னு எய்திகீது."

கங்கையம்மாள் முட்டியைப் பார்த்தாள். "அதான் மின்னுது," என்றாள்.

மறுநாள் தாம்பரம் பக்கத்து அரசு சுகாதார நிலையத்தில் நர்ஸ் எப்சிக்கு அந்த எண்ணெயைத் துடைத்தெடுக்கவே கால்மணி நேரம் பிடித்தது.

"யாருண்ணா இதை ஊத்துனது?"

"ஒரு வாத்தியார்."

"இது சிமெண்ட் சுட்ட புண்ணு. அன்னிக்கே நிறைய தண்ணி விட்டுக் கழுவியிருக்கணும். எண்ணெய் ஒண்ணும் வேணாம். ஒருநாள் விட்டு ஒருநாள் வந்து கட்டு மாத்திக்கோ. பத்து நாள் முட்டியே போடக் கூடாது."

"விட்டமின்?"

"வாயால சாப்பிடு. முட்டை, கொய்யா. முட்டிக்கு வாய் கீதா?"

பத்து நாள் முனிரத்தினம் காலை நீட்டிக்கொண்டு கொய்யா தின்றார். அவ்வளவு நாள் சும்மா உட்கார்ந்தது கல்யாணத்துக்கு அப்புறம் அதுதான் முதல் தடவை. கங்கையம்மாள் வீணாகக் கூடாதென்று பாட்டிலை எடுத்து முருகன் படத்துக்கு விளக்கேற்றினாள். எண்ணெய் நன்றாகவே எரிந்தது. முட்டியில் இளஞ்சிவப்பாகப் புதுத் தோல் வந்தது.

இருபத்தெட்டாம் தேதி பேண்ட்டுக்கு மேல் பாலிதீன் கவரைக் கட்டிக்கொண்டு போய் அந்தக் கல்லைப் பெயர்த்து ஒட்டினார். முப்பதாம் தேதி சார் நாணயத்தோடு குனிந்தார். டக். இன்னொரு முனையிலும் டக். எழுந்தவர் முட்டியையும் ஒரு தட்டு தட்டிப் பார்க்கலாமா என்பதுபோல் பார்த்தார்.

"பாத்தேளா, அஞ்சு எண்ணெயோட மகிமை! அந்த பாட்டில் நூத்தி நாப்பது ரூபா. அதை மட்டும் கழிச்சுக்கட்டுமா?"

முனிரத்தினம் பையிலிருந்து பாட்டிலை எடுத்து வைத்தார். பாதிக்கு மேல் இருந்தது. சத்தம் கேட்டு சாரின் மனைவி வந்தார்.

"ஏன்னா, இது பெருமாள் விளக்குக்கு நான் வாங்கி வெச்ச எண்ணெயாச்சே! ஒரு மாசமா தேடிண்டிருக்கேன். இதையா இவர் கால்ல விட்டேள்?"

சார் பாட்டிலைத் திருப்பினார். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் பொடி எழுத்தைப் படித்தார். முனிரத்தினத்துக்கு ஆன நேரத்தில் பாதிகூட அவருக்கு ஆகவில்லை.

"கொறஞ்சதுல பாதி எங்க ஊட்டு முருகனுக்கு எரிஞ்சிட்ச்சும்மா," என்றார் முனிரத்தினம்.

"பரவால்ல, பெருமாளுக்கு மருமான்தானே," என்று பாட்டிலை வாங்கிக்கொண்டு உள்ளே போனார் அம்மாள்.

சார் எதையும் கழிக்கவில்லை. நான்கு ஐந்நூறு, மூன்று நூறு, இரண்டு இருபது. முனிரத்தினம் இரண்டு தடவை எண்ணி மேல்பையில் வைத்துக்கொண்டு, நாளை எத்தனை மணி ரயிலுக்கு வரவேண்டும் என்று கேட்க உதயாவுக்குப் போன் போட்டார்.