எஸ்தரிடம் முடிவைச் சொல்லாதீர்கள்

1.

இந்தக் கதையை எழுதச் சொன்னதே எஸ்தர்தான். மருத்துவமனையிலிருந்து காஞ்சிபுரம் திரும்பும் பஸ்ஸில், வாலாஜாபாத் தாண்டியதும் சொன்னாள்: "என்ன வெச்சி ஒரு கதை எழுதேன்டி அம்சா. ஆனா முடிவ மட்டும் எங்கிட்ட சொல்லிடாத."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. முடிவைச் சொல்லாதே என்று எஸ்தரா சொல்கிறாள்?

2.

முதல் வரியை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

"எஸ்தரின் இடது மார்பில் ஒரு கட்டி" – வேண்டாம். கதை அவளைப் பற்றியது, கட்டியைப் பற்றியதல்ல.

"கோபுரத்தின் மேல் மாலை வெயில்" – காஞ்சிபுரம் என்றால் கோபுரம் வந்தே ஆக வேண்டுமா? எஸ்தர் பார்த்தால் உதைப்பாள்.

"எங்களுக்குப் பதினேழு வயதானபோது" – இது பரவாயில்லை.

எங்களுக்குப் பதினேழு வயதானபோது, சனிக்கிழமை மேட்னி முடிந்து வெளியே வந்தால் அடுத்த ஆட்டத்துக்கு நீளமாக வரிசை நிற்கும். எஸ்தர் வேண்டுமென்றே அதன் ஓரமாக நடப்பாள். "அண்ணன்தான் கொலகாரன்! வூட்டுக்குப் போங்க, காசு மிச்சம்!" வரிசையே திட்டும். நான் அவள் தாவணியைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடுவேன். சோடாக் கடை வந்ததும் நின்று, வயிறு வலிக்கச் சிரிப்போம்.*

அந்தச் சிரிப்பு எனக்கு மறுபடி வேண்டும். கதை எழுதுவதே அதற்காகத்தானோ என்னவோ.

(* ஒருமுறை அந்த வரிசையில் எங்கள் கணக்கு டீச்சர் நின்றிருந்தார். அது தனிக் கதை.)

3.

[இந்தப் பகுதி கட்டுரை மாதிரி இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.]

அறுவை சிகிச்சைக்கு முன் கீமோ கொடுத்து எஸ்தரின் கட்டியைச் சுருக்க வேண்டும். மருந்து கேட்குமா என்பதுதான் கவலை. ரத்தத்தில் இருக்கும் வெள்ளை அணுக்களில் நியூட்ரோஃபில் என்று ஒரு வகை. உடம்பில் அழற்சி இருந்தால் அது கூடும். லிம்போசைட் என்று இன்னொன்று. அது புற்றோடு சண்டை போடும் கூட்டம். முதலாவதை இரண்டாவதால் வகுத்து, வரும் எண் சின்னதாக இருந்தால் மருந்து நன்றாகக் கேட்கலாம். பெரிதாக இருந்தால் கேட்காமலும் போகலாம். எல்லாம் 'லாம்'தான். டாக்டர் தீபிகா அதைத்தான் ஆராய்கிறார்.

"என் ரத்தம் இன்னாமா சொல்லுது?" என்று எஸ்தர் கேட்டாள்.

"நெறைய பேரோட ரத்தத்த சேத்து வெச்சுப் பாக்குறோம்மா. ஒருத்தருக்கு இதுதான் ஆகும்னு சொல்ல முடியாது. அதுவும் ரத்தம் எடுத்தப்போ உங்களுக்குப் பல்லு ஈறு வீங்கியிருந்துது. அதுக்கே நம்பர் ஏறும்."

4.

ஆனால் ரிசல்ட் என் செல்போனுக்குத்தான் வந்திருந்தது. பஸ்ஸில் எஸ்தர் கண்ணை மூடியிருந்தபோது வகுத்துப் பார்த்தேன். வந்த எண் [எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன்].

எஸ்தர் கண்ணைத் திறந்தாள். "வகுத்துட்டியா?"

"உம்."

"உன் மூஞ்சப் பாத்தாலே தெரிது. வாயத் தொறக்காத. என் பல்லும் அதுல பூந்துக்கினு இருக்குது, ஞாபகம் வெச்சிக்கோ."

அதற்குப் பிறகுதான் கதை எழுதச் சொன்னாள்.

5.

முடிவு அ: பல்லைப் பிடுங்குகிறார்கள், எண் இறங்குகிறது, கட்டி கரைகிறது. எழுத ஆசைதான். ஆனால் என் ஆசையை யார் நம்புவார்கள்?

முடிவு ஆ: எஸ்தர்

இல்லை. இந்த வாக்கியத்தை நான் முடிக்க மாட்டேன்.

நடந்ததைச் சொல்கிறேன். மூன்றாவது கீமோ முடிந்து, வாய்க் கசப்பு கொஞ்சம் விட்டதும், "சினிமாவுக்குப் போலாம் வாடி" என்றாள். தலையில் பூப்போட்ட ஸ்கார்ஃப். கடைசிவரை உட்கார்ந்து பார்த்தாள். வெளியே அடுத்த ஆட்டத்துக்குக் கூட்டம் நின்றது. எஸ்தர் பழையபடி அதன் ஓரமாக நடந்தாள். என் கை தானாக அவள் துப்பட்டாவைத் தேடியது.

காலேஜ் பெண் ஒருத்தி கேட்டாள்: "அக்கா, கடைசில ஹீரோயின் செத்துடுறாளாமே?"

எஸ்தர் நின்றாள். வாயைத் திறந்து, மூடினாள். ஸ்கார்ஃபைச் சரிசெய்துகொண்டாள்.

"உள்ள போய்ப் பாரும்மா."

சோடாக் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. அங்கே வந்ததும் அவள்தான் முதலில் சிரித்தாள். நானும் சிரித்தேன், எனக்கு அழுகையும் வந்தது.

6.

அறுவை அடுத்த மாதம். மருந்து கேட்டதா என்று அதற்குப் பிறகுதான் தெரியும். நீங்கள் இதைப் படிக்கும்போது அந்தத் தேதி போயிருக்கலாம். முடிவு உங்கள் காதுக்கு வந்திருந்தால் உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது வரிசையில் நிற்பவள் எஸ்தர். பக்கத்தில் நான். எங்கள் ஓரமாக நடந்துபோகிறவர்கள் தயவுசெய்து வாயைத் திறக்காதீர்கள்.